ஆணை ஊர் சேர வேண்டும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வழியாக அம்பத்தூர் வரை செல்பவர்களின் கண்ணில் இன்று படுபவை தொழிற்சாலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மனை விற்பனை விளம்பரங்களும்தான். இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு இவற்றில் பெரும்பகுதி ஏரிப்பாசன வயல்களாக இருந்தது. இந்த ஊர்கள் அனைத்தும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாவட்டத்தில் நிலத்தில் பாடுபட்ட மக்களுக்கு நிலமே இல்லை என்பதை ஆட்சியர் டிரெமன்ஹீர் விரிவான அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பஞ்சமி நில அரசாணை பிறந்தது.

அதே மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் கிராமத்தில், 1859 ஜூலை 7-ஆம் தேதி பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். வட்டமேஜை மாநாட்டுக்குச் சென்றவர் என்ற ஒற்றை வரியில் நாம் அவரை நினைவுகூர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஓர் உரிமை இயக்கத்தை அரை நூற்றாண்டுக் காலம் மனத்தில் சுமந்த அவருடைய வாழ்வில், அந்த மாநாடு ஒரு கட்டம் மட்டுமே.

கோயம்புத்தூரில் அவர் படித்த காலத்தில் உடன் பயின்ற ஏறத்தாழ 400 மாணவர்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பத்துப்பேர் அளவில்தான் இருந்தனர். தமது சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் அவர் மற்ற மாணவர்களுடன் விளையாடக்கூடச் சேரவில்லை. வகுப்பு தொடங்கும் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். 1939-இல் வெளியான 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற அவருடைய சிறு நூலில் இந்த இளமைக் காலம் பதிவாகியுள்ளது.

நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய பின், 1890-இல் சென்னைக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் பறையர் மகாஜன சபையை அமைத்தார். 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். சிறுவனாக எதை மறைத்தாரோ, அதையே இதழின் பெயராக்கி ஊரறியச் செய்தார். ஏறத்தாழ பத்து ரூபாய்ச் செலவில் தொடங்கிய அவ்விதழ், இரண்டே நாள்களில் சென்னையில் 400 பிரதிகள் விற்றது. அவருடைய மைத்துனரான அயோத்திதாசப் பண்டிதர் இப்பெயரை ஏற்கவில்லை. இழிவு சுமத்தப்பட்ட பெயரைத் துறந்து பழைய பெருமையை மீட்க வேண்டும் என்பது அவர் வழி. அந்தப் பெயரோடு நின்றே உரிமையைக் கேட்க வேண்டும் என்பது சீனிவாசன் வழி. இலக்கு ஒன்றாக இருந்தும் இருவரும் தனித்தனியே இயங்கினர்.

1893-இல் ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சபை அதை எதிர்த்தது. 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குச் சென்றது. தேசிய நோக்கில் பார்ப்பவர்களுக்கு இது அந்நிய ஆட்சிக்கு ஆதரவாகத் தோன்றலாம். அந்த விமர்சனத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், பள்ளிக்கூட வாசலே திறக்காத மக்களுக்குப் போட்டித் தேர்வு என்பது சமவாய்ப்பு ஆகாது என்ற அவருடைய வாதத்தில் பொருளியல் உண்மை உண்டு. தொடக்கநிலை சமமாக இல்லாத சந்தையில், விதி மட்டும் சமமாக இருந்தால் முன்னே நிற்பவரே வெல்வார்.

1900-இல் நாட்டைவிட்டுப் புறப்பட்டவர், கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவராகவும் அவர் அறியப்படுகிறார். அறுபது வயதைக் கடந்து தாயகம் திரும்பிய அவருக்கு ஓய்வு வாய்க்கவில்லை. 1923-இல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார்.

வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த 1924-ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில், சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், பொது அலுவலகங்கள் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அது அரசாணையாகவும் ஆயிற்று. ஆனால், ஆணை பிறந்ததாலேயே கிராமத்துக் கிணற்றில் வாளி இறங்கிவிடவில்லை. உரிமையைத் தடுப்பவருக்குத் தண்டனை இல்லையேல் உரிமைக்குப் பொருள் இல்லை என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

1930-இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரும் சீனிவாசனும் இணைந்து அளித்த மனுவில் இந்தப் பாடம் தெரிகிறது. சமக் குடியுரிமையைக் கேட்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. உரிமையை மறுப்பதும் சமூகப் புறக்கணிப்பு செய்வதும் தண்டனைக்குரிய குற்றங்களாக வேண்டும் என்றனர். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையொப்பமிட்டார். பின்னர் அம்பேத்கர் மதமாற்றம் பற்றிப் பேசியபோது அதில் மாறுபட்டார். உரிமைக் களத்திலிருந்து மட்டும் விலகவில்லை. 1945 செப்டம்பர் 18-இல், 86-ஆவது வயதில் மறைந்தார்.

அவர் காணாத அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது கூறு, கிணறு, குளம், சாலை என்று அடுக்கும் பட்டியலில் 1924 தீர்மானத்தின் சாயலைக் காணலாம். 17-ஆவது கூறு தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தாளில் அவர் வென்றார்.

நிலத்தில்? ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வெளியே விற்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனச் சொல்லப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி கைமாறிப்போனது. 1994-இல் செங்கல்பட்டை அடுத்த காரணையில் இந்நிலங்களை மீட்கப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். நகரம் விரியும் திசையில் எல்லாம் நிலத்தின் விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, எளியவரின் பட்டாதான் முதலில் காணாமல் போகிறது.

சென்னை கிண்டியில் சீனிவாசனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் மாலை அணிவிக்கிறோம். அத்துடன், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்தோறும் பஞ்சமி நிலப் பதிவேட்டை வெளியிட்டு, எந்தப் புல எண் இன்று யார் கையில் இருக்கிறது என்பதை மக்கள் பார்வைக்கு வைத்தால், விண்ணப்பம் எழுதியே வாழ்நாளைக் கழித்த அந்த மனிதருக்கு 1892-ஆம் ஆண்டு ஆணை ஊர் வந்து சேர்ந்த செய்தியைச் சொன்னதாக அமையும்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).