கொள்ளைநோய்க் காலத்து ஆசிரியை

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிக்கு முருகன் மலையை அடுத்து இன்னொரு பெருமையும் சொல்லப்படுவதுண்டு. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த செப்டம்பர் 5, 1962 முதல் நாடு முழுவதற்கும் ஆசிரியர் நாள். 2020இல் அந்த நாள் வந்தபோது தமிழ்நாட்டுப் பள்ளிகள் மார்ச் மாதம் முதல் பூட்டிக் கிடந்தன. வாழ்த்துகள் கைப்பேசித் திரைகளில் பறந்தன. கைப்பேசி இல்லாத வீடுகளுக்குப் பாடமும் வரவில்லை, வாழ்த்தும் வரவில்லை. அடுத்த ஆண்டு 15 மாநிலங்களில் எடுக்கப்பட்ட ஒரு கள ஆய்வின்படி, ஊரகத் தலித், பழங்குடிக் குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேரே இணையவழியில் ஒழுங்காகப் படித்தனர். மற்ற ஊரகக் குழந்தைகளில் அந்த எண்ணிக்கை 15.

கொள்ளைநோய் பரவும் காலத்தில் ஓர் ஆசிரியர் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்குத் திருத்தணியில் பிறந்த தத்துவப் பேராசிரியரின் வாழ்வில் விடை இல்லை. 1897இல் புனே நகரின் புறத்தே இறந்த ஒரு பெண்ணின் வாழ்வில் இருக்கிறது.

சாவித்திரிபாய் பூலே 1831 சனவரி 3 அன்று சதாரா மாவட்டத்து நைகாவ் ஊரில், மாலி என்னும் சூத்திர வேளாண் சாதியில் பிறந்தார். ஏறத்தாழ ஒன்பது வயதில் ஜோதிராவ் பூலேவுக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். எழுத்தறியாமல் புகுந்த வீட்டுக்கு வந்தவருக்குக் கணவரே முதல் ஆசிரியர். பின்னர் அகமதுநகரிலும் புனேயிலும் மிஷனரிப் பெண்களிடம் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1848இல், பார்ப்பனியத்தின் கோட்டையாக விளங்கிய புனேயின் நடுவே, பிடேவாடாவில் பெண்களுக்கான பள்ளி திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 17.

பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சேறும் சாணமும் வீசப்பட்டன. மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, அங்கே உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார் என்ற செய்தி இன்று பலரும் அறிந்ததே. அவமதிப்பைத் தாங்கினார் என்பதோடு அந்தக் கதையை நிறுத்திவிடுகிறோம். அந்தப் பள்ளிகளில் யார் படித்தார்கள் என்பதே முதன்மையான கேள்வி. மகர், மாங் சமூகக் குழந்தைகளுக்கெனவும் பூலே இணையர் பள்ளிகள் நடத்தினர். அங்கே படித்த முக்தா சால்வே என்னும் 14 வயது மாங் சிறுமி, தன் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா இதழில் வெளிவந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் சிறுமி, சாதியை நேர்நின்று கேள்வி கேட்கும் அளவுக்குச் சில ஆண்டுகளில் வளர்ந்தாள். ஓர் ஆசிரியைக்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா?

மாமனார் வீட்டை விட்டு இருவரும் வெளியேற நேர்ந்தது. 1856இல் பிறந்த வீட்டிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் இல்லாத நேரத்தில் வேலைச்சுமை முழுவதையும் தாங்கும் பாத்திமாவைப் பற்றி அவர் கவலைப்படுகிறார். ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற கைம்பெண்கள் பிள்ளை பெற்றுக்கொள்ள 1863இல் ஒரு காப்பகம் திறந்தனர். அங்கே ஒரு பார்ப்பனக் கைம்பெண் பெற்ற பிள்ளையையே தத்தெடுத்து யஷ்வந்த் என்று வளர்த்தனர். தீண்டப்படாதோருக்குத் தம் வீட்டுக் கிணற்றைத் திறந்துவிட்டனர். 1876–77 பஞ்சத்தில் பட்டினிக் குழந்தைகளுக்குச் சோறு போட்டனர். 1890இல் ஜோதிராவ் இறந்தபோது, ஆண்களுக்கே உரியதெனச் சொல்லப்பட்ட கொள்ளிச்சட்டியைச் சாவித்திரிபாயே ஏந்தி முன்நடந்தார். அதன்பின் சத்திய சோதக் சமாஜத்தின் பணி அவர் தோளில் விழுந்தது.

1894இல் ஹாங்காங்கைத் தாக்கிய பிளேக், 1896 செப்டம்பரில் பம்பாய்க்கு வந்தது. ஆண்டு முடிவதற்குள் புனேயை எட்டியது. 1897 பிப்ரவரியில் அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. 123 ஆண்டுகள் கழித்துக் கொரோனா முடக்கத்துக்கும் அதே சட்டமே எடுத்தாளப்பட்டது. மருத்துவராகியிருந்த யஷ்வந்த், தாயோடு சேர்ந்து நகருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் ஒரு சிகிச்சை நிலையம் அமைத்தார். முந்த்வாவின் மகர் குடியிருப்பில் பாண்டுரங்க் பாபாஜி கெய்க்வாட் என்பவரின் மகனுக்கு நோய் கண்டிருப்பதை அறிந்த சாவித்திரிபாய், அங்கே சென்று அச்சிறுவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது 66. நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார்.

நோயுற்றவரைப் பெற்ற உறவும் தொட அஞ்சிய காலம் அது. நோயில்லாத நாளிலும் எவரும் தொடாத சாதியில் பிறந்தவன் அந்தச் சிறுவன். இரண்டு தீண்டாமைகளையும் ஒரே நடையில் கடந்தவர் அவர். 1848இல் வகுப்பறைக்கு நடந்த நடையின் தொடர்ச்சியாகவே இதைக் காண்கிறேன். யஷ்வந்தும் பின்னாளில் பிளேக் நோயாளிகளுக்குப் பணியாற்றி, 1905இல் அதே நோய்க்குப் பலியானார்.

எனினும் புனே பிளேக் என்றதும் பாடநூல்கள் சொல்லித்தருவது வேறு. வீடுகளைச் சோதித்த சிப்பாய்கள், அதிகாரி ராண்ட், அவரை 1897 சூனில் சுட்ட சாபேகர் சகோதரர்கள், திலகர் மீதான அரசத் துரோக வழக்கு. அந்தச் சோதனைகளின் கொடுமை உண்மைதான். ஆனால் வீட்டின் புனிதம் கெட்டதென்று எழுந்த சீற்றம் தேசிய வரலாறானது. மகர் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளையைச் சுமந்து வந்த உழைப்பு நெடுங்காலம் அடிக்குறிப்பாகக்கூட ஆகவில்லை.

சாவித்திரிபாய் இறந்தபோது இராதாகிருஷ்ணன் திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவர். இருவருக்கும் மிஷனரிக் கல்வியே கதவு திறந்தது. அதன்பின் பாதைகள் பிரிந்தன. இந்து வாழ்க்கை நோக்கு பற்றி 1926இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இராதாகிருஷ்ணன் சாதிக்கு விளக்கமும் நியாயமும் தேடினார். இந்து சமூகம் நெடுங்காலம் நிலைத்திருப்பதே அதன் தகுதிக்குச் சான்று என்னும் அவரது வாதத்தை, 1936இல் சாதி ஒழிப்பு நூலில் அம்பேத்கர் எடுத்துடைத்தார். உயிர்பிழைத்திருப்பது வேறு, மதிப்போடு வாழ்வது வேறு என்பதே அவர் மறுப்பின் சாரம்.

இராதாகிருஷ்ணனின் புலமையை மறுக்க வேண்டியதில்லை. திருத்தணி மக்கள் தம் ஊர்க்காரரைப் போற்றுவதிலும் தவறில்லை. ஆசிரியர் நாளுக்கான அளவுகோலை யார் வகுத்தார் என்றுதான் கேட்கிறோம். சாதி எதிர்ப்பு அமைப்புகள் பலவும் சனவரி 3ஐ ஆசிரியர் நாளாகக் கடைப்பிடித்து வருகின்றன. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம். திருத்தணியிலோ வேறெங்கோ, முதல் பாடவேளையில் முந்த்வாவிலிருந்து சுமந்து வரப்பட்ட அந்தச் சிறுவனைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச அரசாணை எதுவும் தேவைப்படாது.