நோபல் வாங்கிய கடைசி கிரேடு மாணவர்: அமிலத்துக்கு விளக்கம் தந்த அர்ஹீனியஸ் கதை

ராத்திரி லேட்டாக பிரியாணி, காலையில் நெஞ்செரிச்சல். ஒரு மூடி ஆன்டாசிட் சிரப் குடித்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. வயிற்றில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, சிரப்பில் உள்ள மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் சமன் செய்கிறது. ஸ்கூலில் படித்த அதே நடுநிலையாக்கல் வினைதான்.

இது எப்படி நடக்குதுன்னு புரிய வழி காட்டியவர் ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ஹீனியஸ். அதற்கு அவருக்கு முதலில் கிடைத்தது பாராட்டு இல்லை, மோசமான மார்க்!

யார் இவர்?

1859 பிப்ரவரி 19 அன்று உப்சாலா நகருக்கு அருகே பிறந்தார். அப்பா நில அளவையாளர். உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், ஆனால் அங்கே பாடம் நடத்திய விதம் பிடிக்கவில்லை. 1881இல் ஸ்டாக்ஹோமுக்குப் போய், இயற்பியலாளர் எரிக் எட்லுண்டிடம் ஆய்வைத் தொடர்ந்தார்.

சுத்தமான தண்ணீரில் மின்சாரம் கிட்டத்தட்ட பாயாது. காய்ந்த உப்பிலும் பாயாது. உப்பைத் தண்ணீரில் கரைத்தால் மட்டும் நன்றாகப் பாய்கிறது. ஏன்? இதுதான் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

மின்சாரம் பாயும்போதுதான் உப்பு அயனிகளாகப் பிரிகிறது என்று அப்போது நம்பினார்கள். அர்ஹீனியஸ் யோசித்தது வேறு: மின்சாரமே வேண்டாம், தண்ணீரில் கரைந்ததுமே பிரிந்துவிடும்.

தீசிஸுக்கு என்ன ஆச்சு?

இந்த யோசனையின் முதல் வடிவத்தை 1884இல் உப்சாலாவில் முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். பேராசிரியர்கள் நம்பவில்லை. சோடியம் தண்ணீரில் பட்டால் வெடிக்கும், குளோரின் நச்சு வாயு. ரெண்டும் உப்புத் தண்ணீருக்குள்ள தனித்தனியா எப்படி சும்மா இருக்கும்? மின்னேற்றம் பெற்ற அயனியின் குணம் வேறு என்பது அன்று பலருக்கு எடுபடவில்லை.

நான்காம் கிரேடு கொடுத்தார்கள். வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு மூன்றாம் கிரேடு ஆனது. அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழக வேலை கிடைப்பது கஷ்டம்.

அவர் உட்கார்ந்து புலம்பவில்லை. ஆய்வின் பிரதிகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். ரிகாவில் இருந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அதைப் படித்துவிட்டு உப்சாலாவுக்கே நேரில் வந்தார். அதன் பிறகுதான் சொந்த ஊரில் மதிப்பு கூடியது, ஆசிரியர் பணியும் கிடைத்தது. 1887இல் கொள்கையை முழுமையாக வெளியிட்டார்.

கொள்கை என்ன சொல்கிறது?

தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். ரெண்டும் சேர்ந்தால் தண்ணீர். மிச்சம் இருப்பவை உப்பாகின்றன.

ஒரு பழைய புதிருக்கும் இதில் விடை இருந்தது. எந்த வலுவான அமிலத்தை எந்த வலுவான காரத்தோடு கலந்தாலும், ஒரு மோல் தண்ணீர் உருவாகும்போது வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய 57 கிலோஜூல்தான். பெயர்கள் மாறினாலும் உள்ளே நடக்கும் வினை ஒன்றே என்பதுதான் காரணம். வினிகர் ஏன் வீரியம் குறைவு? அதில் உள்ள அசிட்டிக் அமிலம் கொஞ்சம்தான் அயனியாகப் பிரிகிறது.

1903இல் வேதியியல் நோபல் பரிசு வந்தது. நோபல் வாங்கிய முதல் ஸ்வீடன்காரர் இவர்தான்.

மறுபக்கம்

பிறகு நோபல் வட்டாரத்தில் செல்வாக்குள்ள ஆளானார். 1906இல் தனிம அட்டவணை தந்த மெண்டலீவுக்குப் பரிசு கிடைக்காமல் போனதில் இவருக்குப் பங்கு உண்டு என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். மெண்டலீவ் இவருடைய அயனிக் கொள்கையை ஏற்காதவர். 1907இல் பரிசு வாங்காமலேயே இறந்தார். இன மேம்பாடு பேசிய இயக்கத்துக்கும் அர்ஹீனியஸ் ஆதரவு கொடுத்தார். அதே மனிதர்தான் 1896லேயே, காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டவர்.

1927 அக்டோபர் 2 அன்று இறந்தார். ஹைட்ராக்சைடே இல்லாத அம்மோனியா ஏன் காரமாகிறது என்பதற்கு அவர் கொள்கை போதவில்லை. 1923இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் அதை விரிவாக்கினார்கள். ஆனாலும் பள்ளிப் புத்தகத்தில் அமிலப் பாடம் இன்றும் அர்ஹீனியஸிடமிருந்துதான் தொடங்குகிறது. மூன்றாம் கிரேடு கொடுத்தவர்களின் பெயர் அதில் இல்லை.