திங்கட்கிழமைகளில் பேசாத தலைவர்

பொறுப்பில் இருப்பவர்கள் மனம் சோர்ந்து போகாமல் இருப்பது பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். நான் மனநல மருத்துவன் அல்லன். ஆனால் எங்கள் செட்டில் இரண்டு பேர், இருவருமே பெரிய நாற்காலியில் இருந்தவர்கள், ஓய்வு பெறும் முன்பே போய்விட்டார்கள். லீவு என்றால் என்னவென்று தெரியாத மனுஷர்கள் என்று இரங்கல் கூட்டத்தில் புகழ்ந்தார்கள். கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் எழுதுகிறேன்.

காந்தியடிகளைச் சொல்கிறேன். 1869-இல் போர்பந்தரில் பிறந்தது, தென்னாப்பிரிக்கா, உப்பு யாத்திரை எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. அவர் எத்தனை முறை உடைந்து படுத்தார் என்பதைத்தான் நாம் படிக்கவில்லை.

1918-இல் கேடா மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தார். அரை வயிற்றுச் சாப்பாடு. கடைசியில் வயிற்றுக்கடுப்பு வந்து, பிழைக்க மாட்டோம் என்று அவரே நம்பும் அளவுக்குப் போய்விட்டது. 1924 ஜனவரியில் சிறையிலிருந்து புனே சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் குடல்வால் அறுவை செய்தார்கள். அந்த வருஷமே பெல்காமில் காங்கிரஸ் தலைவர் பதவி. 1925 முழுக்கச் சுற்றுப்பயணம். டிசம்பரில் கான்பூரில் தலைமையைச் சரோஜினி நாயுடுவிடம் கொடுத்துவிட்டு, 1926-இல் ஏறக்குறைய முழு வருஷமும் சபர்மதி ஆசிரமத்தை விட்டு நகரவில்லை. நாடே அவரை எதிர்பார்த்த நேரம் அது! ஆசிரம வேலை, தினமும் கீதை வகுப்பு, வாரந்தோறும் சுயசரிதையில் ஒரு அத்தியாயம் என்று இருந்துவிட்டார்.

ஆனாலும் பாருங்கள், வெளியே வந்ததும் பழைய ஓட்டம்தான். கதருக்காகத் தினம் ஓர் ஊர், தினம் பல கூட்டம். 1927 மார்ச்சில் கோலாப்பூரில் சாய்ந்துவிட்டார். ரத்த அழுத்தம், அளவுக்கு மீறிய உழைப்பே காரணம் என்றார்கள் மருத்துவர்கள். ஒரு வருஷ ஓய்வைச் சேர்த்து வைத்து அடுத்த வருஷம் செலவழிக்க முடியாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலைக்கு அழைத்துப் போனார்கள். பிறகு பெங்களூரில் தங்கியபோது, சும்மா இருக்க முடியாமல் பால் பண்ணைக்குப் போய் மாடு வளர்ப்புப் பாடம் கேட்டார்! உடம்பு தேறிய பிறகே மைசூர் சமஸ்தானம், நம் தமிழ்நாடு, நவம்பரில் இலங்கை.

அவருடைய நாள் ஒழுங்கில் மூன்று விஷயங்கள் உண்டு. காலையும் மாலையும் நடை. கிடைத்த இடத்தில் பத்து நிமிஷம் தூக்கம். அப்புறம் திங்கட்கிழமை மௌனம். அவசரமாகப் பெரிய அதிகாரிகளிடம் பேச வேண்டி வந்தாலோ, நோயாளியைக் கவனிக்க வேண்டியிருந்தாலோ மட்டும் விலக்கு. 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. தேசப் பிரிவினைத் திட்டத்தைப் பற்றிப் பேச மவுண்ட்பேட்டன் அழைக்கிறார். விலக்கு இருந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அட, நம் அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கைத் தள்ளிவைக்க நாம் எவ்வளவு பயப்படுகிறோம்!

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். திங்கட்கிழமை அவர் பேசாவிட்டாலும் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் செயலாளர் மகாதேவ் தேசாய். 1917-இல் வந்து சேர்ந்தவர். நாட்குறிப்பு, மொழிபெயர்ப்பு, பத்திரிகை, பார்வையாளர் எல்லாம் அவர் தலையில். 1936-இல் காந்தியடிகள் சேகாவ்ன் கிராமத்துக்குக் குடி போனார். மகாதேவ் வார்தாவிலிருந்து அங்கே நடந்தே போய்த் திரும்புவார். போக வர 11 மைல். வார்தா வெயில் எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கம் வேலை பார்த்த நம் நண்பர்களைக் கேளுங்கள். 1938-இல் அவரும் ரத்த அழுத்தத்தில் படுத்தார். தேறி எழுந்ததும் மறுபடி அதே வேலை. தன் உடம்பின் எச்சரிக்கையைக் கேட்கத் தெரிந்த தலைவருக்குப் பக்கத்து அறையில் இருந்தவரின் உடம்பு போதுமான அளவு கேட்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. பெரியவரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம்மில் மேலாளர்களாக இருப்பவர்கள், நாம் லீவு போட்ட நாளில் நம் வேலையை யார் செய்தார் என்று யோசித்துப் பார்க்கலாம். மாணவர் பேரவைத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இது பொருந்தும். விழா நடத்துவது செயலாளர், போஸ்டர் ஒட்டி ராத்திரி கண் விழிப்பது யார்?

1942 ஆகஸ்ட் 9-இல் இருவரும் கைதானார்கள். ஆறாம் நாள், ஆகஸ்ட் 15 காலை, புனே ஆகாகான் மாளிகையில் மாரடைப்பால் மகாதேவ் இறந்தார். வயது 50. காந்தியடிகளுக்கு அப்போது 72. உடலைத் தம் கையாலேயே குளிப்பாட்டினார். அந்த வளாகத்துக்குள்ளேயே தகனம் நடந்தது. 1944 மே மாதம் விடுதலையாகும் வரை, தினமும் அந்தச் சமாதிக்கு நடந்து போய்ப் பூ வைத்துவிட்டு வந்தார்.