உழவர் உரிமை காத்த மைக்கேல் டேவிட்

அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில், ஸ்ட்ரேட் என்னும் சிற்றூரில் 1846ஆம் ஆண்டு மைக்கேல் டேவிட் பிறந்தார். உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, நாடெங்கும் பெரும்பஞ்சம் பரவியிருந்த காலம் அது. அவர்தம் தந்தை ஒரு குத்தகை உழவர். உழைப்பு உழவருடையது, நிலமோ நிலக்கிழாருடையது. குத்தகை செலுத்த இயலாமையால் 1850இல் அக்குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. அடைக்கலம் தேடிச் சென்ற ஏழையர் விடுதியில், ஆண்பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தே தங்கவைப்பர் என்பது விதி. அன்னை அதற்கு இசையவில்லை. அனைவரும் கடல் கடந்து இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் குடியேறினர்.

அங்குப் பஞ்சாலையில் வேலைக்குச் சென்ற டேவிட், பதினோராம் வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையை இழந்தார். அதன்பிறகே அவருக்குப் பள்ளிக் கல்வி வாய்த்தது. இளமையில் அயர்லாந்து விடுதலைக்கான மறைமுக இயக்கத்தில் சேர்ந்தார். ஆயுதம் திரட்டிய வழக்கில் 1870இல் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஏழு ஆண்டுகளுக்குப்பின் விடுதலையான அவர், மக்களை வெளிப்படையாக ஒன்றுதிரட்டும் வழியைத் தேர்ந்தார்.

1879இல் டேவிட்டின் முயற்சியால் தேசிய நிலக் கழகம் உருவாயிற்று. பார்னெல் அதன் தலைவரானார். நியாயமான குத்தகை, வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைக் கழகம் கோரியது. ஒற்றுமையே உழவரின் படைக்கலம் ஆயிற்று. 1880இல் மேயோவில் பாய்காட் என்னும் நிலக்கிழாரின் முகவருக்கு அறுவடை செய்ய ஆளில்லை. பொருள் விற்பாரும் இல்லை. படைவீரர் காவலுடன் வெளியூர்த் தொழிலாளரை வரவழைத்தே அறுவடை முடிந்தது. காப்பதற்கான செலவு விளைச்சலின் மதிப்பைப் பன்மடங்கு விஞ்சியது. புறக்கணிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. உழவர்தம் உறுதிக்குப் பணிந்த அரசு, 1881இல் குத்தகையை நடுவர் மன்றம் முடிவு செய்யும் வகையில் நிலச்சட்டம் இயற்றியது.

நிலம் தனியார் சிலருக்கன்றி மக்கள் அனைவருக்கும் உரியதாக வேண்டும் என்பதே டேவிட்டின் கொள்கை. தம் இயக்கத் தோழர் பலர் உடன்படாதபோதும் அவர் அதனைக் கைவிடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினரான பின்னும் பதவி அவரைக் கட்டிப்போடவில்லை; தென்னாப்பிரிக்காவில் போயர் மக்களுடன் பிரித்தானியா நடத்திய போரைக் கண்டித்து 1899இல் பதவி துறந்தார். 1906இல் டப்ளினில் மறைந்தார். நான்கு வயதில் எந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டாரோ, அந்த ஸ்ட்ரேட் மண்ணிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.