கிராம்ஸ்கோய்: பிரபுவை வரைந்த எழுத்தர் மகன்

மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் லியோ டால்ஸ்டாயின் எண்ணெய் வண்ண உருவப்படம் ஒன்று உள்ளது. ரஷ்யாவின் பழம்பெரும் பிரபுக் குடியில் தோன்றியவர் டால்ஸ்டாய். ஆயினும் படத்தில் பதக்கமில்லை, பட்டாடையில்லை, மாளிகைத் தூணுமில்லை. மடிப்பு விழுந்த எளிய மேலங்கியும், அடர்ந்த தாடியும், காண்போரை ஊடுருவும் பார்வையுமே உள்ளன. 1873ஆம் ஆண்டில் இதனைத் தீட்டியவர் இவான் கிராம்ஸ்கோய்.

வரோனெஷ் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், 1837ஆம் ஆண்டில், சாதாரண எழுத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் கிராம்ஸ்கோய். இளமையிலேயே தந்தையை இழந்தார். புகைப்படங்களுக்கு மெருகிடும் தொழிலால் வயிறு வளர்த்தார். 1857இல் பீட்டர்ஸ்பர்க் கலைக் கல்விக்கழகத்தில் சேர்ந்தார். 1863இல், தங்கப் பதக்கப் போட்டிக்கெனக் கழகம் விதித்த புராணக் கருப்பொருளை ஏற்க மறுத்துப் பதினான்கு மாணவர்கள் வெளியேறினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. 1870இல், ஊர் ஊராகச் சென்று ஓவியக் கண்காட்சி நடத்தும் கலைஞர் சங்கத்தை நிறுவியோருள்ளும் இவர் ஒருவர்.

திரெத்யாகோவ் என்னும் வணிகர், நாட்டின் சிந்தனையாளர்களுடைய உருவப்படங்களைத் தொகுத்து வந்தார். டால்ஸ்டாயோ வரையப்படுவதற்கு இசையவில்லை. 1873ஆம் ஆண்டுக் கோடையில் யாஸ்னயா பல்யானாவுக்கு அருகே தங்கியிருந்த கிராம்ஸ்கோய், நேரிற்சென்று பேசி அவரை உடன்படச் செய்தார். திரெத்யாகோவுக்கு ஒன்று, குடும்பத்தினருக்கு ஒன்று என இரு படங்கள் தீட்டப்பெற்றன. அந்நாளில் டால்ஸ்டாய் எழுதிக்கொண்டிருந்த நாவல் அன்னா கரீனினா. அதில் வரும் மிகைலோவ் என்னும் ஓவியனிடம் கிராம்ஸ்கோயின் சாயலை ஆய்வாளர் பலர் காண்பர். ஓவியர் எழுத்தாளரைக் கூர்ந்து நோக்கிய அதே வேளையில், எழுத்தாளரும் ஓவியரை நோக்கியிருந்தார் எனலாம்.

பிறர் கேட்டு வரைந்த உருவப்படங்களே கிராம்ஸ்கோயின் குடும்பத்தைக் காத்தன. அவர்தம் காலத்தை விழுங்கியவையும் அவையே. ஏசுவை மக்கள் எள்ளி நகையாடும் காட்சியைப் பெரும் ஓவியமாகத் தீட்டப் பல்லாண்டுகள் உழைத்தார், அது முற்றுப்பெறவேயில்லை. 1887இல், மருத்துவர் ஒருவரின் உருவப்படத்தைத் தீட்டிக்கொண்டிருந்தபோதே, கையில் தூரிகையுடன் சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுகூட நிறையவில்லை.

நினைத்த பெரும்படைப்பு நிறைவேறாமற்போன துயரம் சிறிதன்று. எனினும் இன்று டால்ஸ்டாயின் நாற்பத்தைந்தாம் வயது முகத்தை நாம் அறிவது, பொருளுக்காக அவர் ஏற்ற அப்பணியினால்தான். பொருள் கொடுத்தவரை மகிழ்விக்கவோ, பிரபுவைப் பெருமைப்படுத்தவோ அவர் ஒரு கோட்டையும் மிகையாக இடவில்லை. தாம் கண்ட மனிதரையே வரைந்தார். விழாவுக்கென ஒரு வாழ்த்துப்பாவும், இரங்கலுக்கென ஒரு கையறுநிலைப் பாட்டும் கேட்கப்பெறும் கவிஞர்களாகிய நாம் அப்படத்தின் முன் சற்றே நிற்பது நல்லது. நெடுங்காலமாக நாம் எழுத நினைத்திருக்கும் காவியம் முற்றுப்பெறாமலே போகலாம். கேட்டதற்காக எழுதித்தரும் எட்டு வரிகள் நிலைத்துவிடலாம். அவ்வெட்டு வரிகளிலும் பொய் கலவாதிருத்தலே நம் கையில் உள்ளது.