எல்லை அறியாச் சிறகுகள்

சைபீரியாவின் ஏரிகள் உறையத் தொடங்கும்போது அங்குள்ள வாத்துகளும் கொக்குகளும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. மலைகளையும் பாலைவனங்களையும் பல நாடுகளையும் கடந்து, அவை இந்தியாவின் ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் வந்து இறங்குகின்றன. குளிர்காலம் முடிந்ததும் வந்த வழியே திரும்பிவிடுகின்றன. இப்பறவைகள் எந்த நாட்டுக்குச் சொந்தம்? இவற்றைக் காக்கும் பொறுப்பு யாருடையது? இக்கேள்விகளைத் தம் நாட்டின் முன் வைத்து, விடை காணவும் துணை நின்றவர் இந்தியப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி.

அவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். மிக இளம் வயதிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி தம் வீட்டில் வளர்த்தார். மாமா வேட்டையில் விருப்பம் உடையவர். சிறுவன் சாலிமும் காற்றுத் துப்பாக்கியுடன் குருவிகளைக் குறிபார்த்துத் திரிந்தான். ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று தெரிந்தது. அது என்ன பறவை என்று மாமாவுக்கும் விளங்கவில்லை. அவர் சிறுவனை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். கழகத்தின் செயலாளர் மில்லார்ட், அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று அடையாளம் காட்டினார். அங்கே பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளையும் அவனுக்குக் காட்டினார். துப்பாக்கியோடு அலைந்த சிறுவனின் மனத்தில் பறவைகளைப் பற்றி அறியும் ஆவல் அன்று முளைவிட்டது.

ஆவல் இருந்தாலும் பாதை எளிதாக அமையவில்லை. குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மா சென்றார், தொழில் நிலைக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் பறவையியல் வல்லுநர் பணியும் அவருக்குக் கிடைக்கவில்லை. மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகப் பணியாற்றியபின், விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசிமான் என்னும் புகழ்பெற்ற அறிஞரிடம் பயின்றார்.

ஜெர்மனியின் ஹெலிகோலாந்து தீவில் அவர் ஒரு புதிய முறையைக் கற்றார். பறவையைக் காயப்படுத்தாமல் பிடித்து, அதன் காலில் எண் பொறித்த சிறிய வளையத்தை மாட்டிப் பறக்க விடுவார்கள். அப்பறவை வேறோர் இடத்தில் கிடைத்தால், அந்த எண்ணைக் கொண்டு அது எங்கிருந்து வந்தது என்பதை அறியலாம். ஆனால் வளையத்தைக் கண்டெடுப்பவர் தகவல் அனுப்பினால்தான் இம்முறை பயன் தரும். ஒரு நாடு மட்டும் தனித்து நின்று வலசைப் பறவைகளின் கதையை முழுமையாக அறிய முடியாது என்பதை இது உணர்த்தியது.

1930இல் தாயகம் திரும்பியபோது அவர் வகித்த பதவி நீக்கப்பட்டிருந்தது. மனம் தளராத அவர் கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கி, தூக்கணாங்குருவிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தார். பின்னர் இந்தியாவின் பல பகுதிகளுக்கும் சென்று பறவைகளைக் கணக்கெடுத்தார். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் சிறையில் இருந்த ஜவஹர்லால் நேரு, அந்நூலின் ஒரு படியைத் தம் மகள் இந்திரா காந்திக்கு அனுப்பினார். தந்தையும் மகளும் பிற்காலத்தில் நாட்டின் பிரதமர்கள் ஆனார்கள். பறவைகளுக்காகப் பேச வேண்டிய நேரங்களில் சாலிம் அலியின் குரலுக்கு அவர்கள் செவிசாய்த்தார்கள்.

அத்தகைய நேரம் பரத்பூரில் வந்தது. ராஜஸ்தானில் உள்ள அவ்வூரின் சதுப்பு நிலம் முன்பு மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அரசப் பிரதிநிதியின் வேட்டைக் குழு அங்கு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அந்த எண்ணிக்கை இன்றும் அங்குள்ள கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அன்று சாலிம் அலியின் நாற்பத்திரண்டாவது பிறந்தநாள். நாடு விடுதலை அடைந்தபின் அங்கு வேறோர் ஆபத்து எழுந்தது. நீரை வடித்துவிட்டு நிலத்தை வேளாண்மைக்கு வழங்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. உணவுப் பற்றாக்குறை நிலவிய காலம் அது. உழவர்களின் கோரிக்கையிலும் நியாயம் இருந்தது. எனினும், தொலைதூரத்திலிருந்து வரும் பறவைகளுக்கு அச்சதுப்பு நிலமே புகலிடம் என்று சாலிம் அலி நேருவிடம் எடுத்துரைத்தார். நிலம் காப்பாற்றப்பட்டது. 1956இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டுப் பகுதியில் ஒரு புதிய காய்ச்சல் பரவியது. அதன் கிருமி ரஷ்யாவில் காணப்பட்ட ஒரு கிருமியை ஒத்திருந்தது. வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் நோயைக் கொண்டு வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சாலிம் அலியின் தலைமையில் பெரிய அளவில் வளையமிடும் பணி தொடங்கியது. பறவைகள் நோயைக் கொண்டு வந்தன என்ற ஐயம் பின்னர் நிலைக்கவில்லை. ஆனால் வளையங்கள் வேறொரு செய்தியைச் சொல்லின. பரத்பூரில் வளையமிடப்பட்ட வாத்துகள் சோவியத் ஒன்றியத்தில் கண்டெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டின் கோடியக்கரையிலும் பறவைகளுக்கு வளையமிடப்பட்டது. எந்தப் பறவை எந்த நாடுகளைக் கடந்து வருகிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்தன.

இதே காலத்தில் உலக நாடுகளும் ஒன்றுகூடிப் பேசத் தொடங்கின. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்களைக் காப்பதற்கான உடன்படிக்கை உருவானது. 1982இல் இந்தியா அதில் இணைந்தது. இந்தியாவிலிருந்து முதன்முதலாக அப்பட்டியலில் இடம்பெற்றவை ஒடிசாவின் சிலிகா ஏரியும் பரத்பூர்ச் சதுப்பு நிலமும் ஆகும். 1983இல் வலசை போகும் உயிரினங்களுக்கான உடன்படிக்கையிலும், 1984இல் சோவியத் ஒன்றியத்துடன் வலசைப் பறவைகளுக்கான ஒப்பந்தத்திலும் இந்தியா பங்கேற்றது. கேவலாதேவ் தேசியப் பூங்கா என்று பெயர் பெற்ற பரத்பூர்ச் சதுப்பு நிலம் 1985இல் உலகப் பாரம்பரியத் தலமானது. அதே ஆண்டில் சாலிம் அலி இந்திய நாடாளுமன்றத்தின் மேலவைக்கு நியமிக்கப்பட்டார்.

ஆனால் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பூங்காவைச் சுற்றியிருந்த கிராம மக்கள் தங்கள் எருமைகளை அங்கு மேய்த்து வந்தனர். கால்நடைகளால் பறவைகளுக்குத் தீங்கு நேரும் என்று சாலிம் அலியும் பிற பறவை ஆர்வலர்களும் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தனர். 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. வாழ்வாதாரத்தை இழந்த கிராமத்தாருக்கும் காவல்துறையினருக்கும் இடையே மோதல் மூண்டது. அதில் உயிர்கள் பலியாயின.

சாலிம் அலியின் கழகம் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அப்பூங்காவை ஆராய்ந்தது. அதன் முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. எருமைகள் மேயாததால் ஒருவகைப் புல் அடர்ந்து வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. நீந்தவும் இரை தேடவும் பறவைகளுக்கு இடம் குறைந்தது. மேய்ச்சல் சதுப்பு நிலத்துக்கு உதவியாகவும் இருந்தது என்பது அப்போதுதான் தெளிவானது. கழகம் அம்முடிவை மறைக்காமல் வெளியிட்டது. அதைக் காண சாலிம் அலி உயிரோடு இல்லை. 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்திருந்தார்.

அவருடைய பெயரைத் தாங்கிய பறவையியல் ஆய்வு மையம் 1990இல் கோயம்புத்தூரில் அமைந்தது. பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகளோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. 2002க்குப் பின் ஒன்றுகூட வரவில்லை. அவை தங்கும் இடம் காக்கப்பட்டது. ஆனால் அவை பறந்து வந்த நீண்ட வழியெங்கும் வேட்டையையும் வறண்ட நீர்நிலைகளையும் தடுக்க இயலவில்லை. வழியிலுள்ள ஒரு நாடு தவறினாலும் மற்ற நாடுகளின் உழைப்பு வீணாகும் என்பதை அக்கொக்குகளின் மறைவு காட்டுகிறது.

எனினும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வாத்துகள் இன்னும் பரத்பூருக்கு வருகின்றன. நீர் வடிக்கப்பட்டு வயலாக மாறியிருக்கக்கூடிய அந்நிலத்தில், சிறகுகளை மடக்கி அவை இளைப்பாறுகின்றன.