மொண்டிசோரி அம்மையாரும் சிறு கதிரையும்

வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பவன் அளவெடுத்தே தைக்கின்றான். ஆயின், அப்பிள்ளை நாள்தோறும் பல மணிநேரம் அமர்ந்திருக்கும் ஆசனத்துக்கு அளவெடுக்கும் எண்ணம் கல்வியுலகிலே பிந்தியே தோன்றிற்று. தோன்றிய பின்னரும், அளக்கவேண்டியது பிள்ளையின் உடம்பை மட்டுமன்று, அதன் இயக்கத்தையுமே என உணர்த்தியவர் மரியா மொண்டிசோரி அம்மையார்.

இத்தாலி நாட்டின் கியாரவாலே என்னும் ஊரில் 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் நாள் அம்மையார் பிறந்தார். 1896இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சி குன்றிய சிறாரிடையே தொண்டாற்றியபோது, அவர்தம் குறைக்கு மருந்தினும் கல்வியே சிறந்த மருந்தெனத் தெளிந்தார்.

அக்காலத்துப் பள்ளிகளில் மேசையோடு பிணைந்த வாங்குகளே நிறைந்திருந்தன. அவற்றில் நெடுநேரம் குனிந்திருந்த பிள்ளைகளின் முதுகெலும்பு வளைவதைக் கண்டு மருத்துவர் கவன்றனர். அறிஞர் பலர் கூடி ஆராய்ந்தனர். இருக்கையின் உயரம், மேசைக்கும் இருக்கைக்கும் உள்ள இடைவெளி, கால் வைக்கும் பலகை ஆகிய யாவும் அளந்து வகுக்கப்பட்டன. பிள்ளையின் வளர்ச்சிக்கேற்பத் திருத்தத்தக்க வாங்குகளும் எழுந்தன. கற்றோர் இவற்றை விஞ்ஞான வெற்றியெனப் போற்றினர்.

அம்மையாரோ இதற்கு உடன்பட்டிலர். ஓடியாடும் பருவத்துப் பிள்ளையின் முதுகெலும்பு வளையுமாயின், பிழை வாங்கின் அளவிலன்று. பிள்ளையை அசையவொட்டாது இருத்தும் முறையிலேயே உளது என்பது அவர் முடிபு. விலங்கை அளவாகச் செய்தாலும் அது விலங்கே அன்றோ?

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், உரோம் நகரின் ஏழையர் வாழும் சான் லொரென்சோப் பகுதியில் முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அம்மையாரின் கொள்கைக்கேற்ற தளபாடங்கள் இத்தகைய இல்லங்களிலே உருப்பெற்றன. நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் தூக்கிச் செல்லத்தக்க இலேசான மேசைகளைச் சமைப்பித்தார். சிறு கதிரைகளுக்கு முதலிற் பிரம்பு பின்னுவித்தார். அது விரைவில் தேய்ந்தமையால் முழுதும் மரத்தாலேயே செய்வித்தார். கைகழுவுந் தொட்டியும் அலுமாரியும் கரும்பலகையும் பிள்ளையின் கைக்கெட்டுமாறு தாழ்ந்து நின்றன.

இலேசான கதிரைகள் உருண்டு ஓசை எழுப்பி ஒழுங்கைக் குலைக்குமே எனச் சிலர் தடை எழுப்பினர். கதிரை விழுமாயின், தன் நடையிலுள்ள தடுமாற்றத்தைப் பிள்ளை தானே உணரும். மறுமுறை கருத்தோடு நடக்கும் என்பது அம்மையார் விடை. நிலத்தோடு அறைந்த வாங்கு அத்தடுமாற்றத்தை மறைக்குமேயன்றி மாற்றாது. இங்ஙனம் கதிரையும் ஓர் ஆசிரியனாயிற்று.

1939இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறுவருடம் இத்தாலி போரிற் புகவே, பகைநாட்டவராகக் கருதப்பட்டுக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானார். ஆயினும் ஆசிரியரைப் பயிற்றும் பணியை விட்டாரல்லர். 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடாத்தினார். 1946இல் ஐரோப்பா மீண்டு, 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஒல்லாந்து நாட்டிலே காலமானார்.

இன்று பிள்ளையோடு உயரும் மேசைகளும் கதிரைகளும் கடைகளிலே கிடைக்கின்றன. அவை நல்லனவே. எனினும், அவற்றை உயர்த்தியபின் பிள்ளையை எழவும் நடக்கவும் விடுகின்றோமா என்பதே ஆசிரியராகிய நாம் நம்மை வினவவேண்டிய வினா.